நல்லாத்தான் கீறேன் கண்ணு!

இந்த வாரம் எடுத்ததும் ஒரு கேள்வி. பத்துப் படி இருக்கிற ஓர் ஏணியை மனசுல நிறுத்திக்கோங்க. உச்சிப் படின்னா உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆகச் சிறந்த வாழ்க்கை. கீழே பூஜ்யம்னா ஆக மோசமான வாழ்க்கை. இப்போ நீங்க எத்தனாவது படியில நிக்கிறீங்க?

அரியர் ரிசல்ட் வந்த அன்னைக்குக் கேட்டா நான் ரெண்டுன்னு சொல்வேன். அதே நாள் ராத்திரி அம்மா வஞ்சிர மீன் வறுத்தா ஏழு!

சிரிக்காதீங்க பாஸ். வருஷா வருஷம் மார்ச் மாசம் 'உலகத்திலேயே சந்தோஷமான நாடுகள்'னு ஒரு பட்டியல் பேப்பர்ல வருதே, அந்த வரிசையை முடிவு பண்றதே இந்த ஒரே கேள்விதான். ஹாட்லி கேன்ட்ரில்னு ஓர் அமெரிக்க ஆய்வாளர் 1960-களில் பிரபலமாக்கின ஏணி இது. பொதுவா ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு ஆயிரம் பேர்கிட்ட கேட்டு, மூணு வருஷ சராசரி எடுப்பாங்க. 2025-ல் வந்த பட்டியலில் 147 நாடுகள். பின்லாந்து முதலிடம். இந்தியா 118. பாகிஸ்தான் 109. இந்தக் கடைசி ரெண்டு நம்பரை வெச்சு எங்க கேன்டீன்ல நடந்த சண்டையில் ஒரு சமோசாத் தட்டு உடைஞ்சுது.

ஆனா ஒண்ணை யோசிங்க. ஏணியை வரைஞ்சது யாரு? பதில் சொல்ற ஆள்தானே! என் ஏணி உச்சியில கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்கிற ஒரு வேலை இருக்கு. என் மாமா பையன் ஏணி உச்சியில கனடா பி.ஆர். இருக்கு. ரெண்டு பேரும் 'அஞ்சு'ன்னு சொன்னா ரெண்டும் ஒரே அஞ்சா?

இதைப் பத்தித்தான் ஜாலியா ஒரு பக்கம் எழுதலாம்னு உட்கார்ந்தேன். அப்புறம்தான் போன மே மாசம் எர்ணாவூரில் நான் வாங்கின பல்பு ஞாபகம் வந்துச்சு. ஏணியை விடுங்க, அதைச் சொல்றேன்.

எங்க என்.எஸ்.எஸ். டீமில் ஆறு பேர். திருவொற்றியூர் தேரடியில் டீ குடிச்சிட்டு, ஷேர் ஆட்டோ பிடிச்சு எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் போய் இறங்கினோம். 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரக் குப்பங்களில் இருந்து வந்தவங்க நிறைய பேர் இருக்கிற இடம். எங்க பிளான் ஒரு குட்டி ஹெல்த் சர்வே. "கேள்வியை நாமளே யோசிச்சா யாரும் மதிக்க மாட்டாங்கடா. உலக சுகாதார நிறுவனம் கேட்கிற கேள்வியையே எடுத்துக்குவோம். அப்போதான் மத்த நாட்டு ரிசல்ட்டோட பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்..." இந்த ஐடியா என்னோடதுதான். இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மாத்தினதும் நான்தான். பிளஸ் டூ தமிழில் 94 வாங்கின திமிர், வேற என்ன!

முதல் கேள்வி இதுதான்: 'பொதுவாக, இன்று உங்கள் உடல்நலத்தை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்? மிக நன்று, நன்று, மிதம், மோசம், மிக மோசம்.'

கதவுக்கு வெளியே சாக்கு விரிச்சு நெத்திலி காயப்போட்டுட்டு இருந்தாங்க ஒரு பாட்டி. கையில ஃபார்மைப் பார்த்ததுமே, "இன்னா கண்ணு, நிவாரணமா?" என்றார்கள். மிக்ஜாம் புயலுக்கு அரசாங்கம் 6,000 ரூபாய் கொடுத்ததில் இருந்து இந்தப் பக்கம் ஃபார்ம்னாலே நிவாரணம்தான். (பின்லாந்தில் ஒருத்தர் பேப்பரும் பேனாவுமா கதவைத் தட்டினா இப்படி ஓர் எதிர்பார்ப்பு வருமா? இதுவே பதிலை மாத்திடுமே!) இல்ல பாட்டி, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்க வந்தோம் என்று சொல்லி என் செந்தமிழ்க் கேள்வியை வாசிச்சேன்.

"எனுக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன் கண்ணு."

"அது இல்ல பாட்டி, அஞ்சுல ஒண்ணு சொல்லணும். மிக நன்று, நன்று, மிதம்..."

"மிதமா? நான் இன்னா கட்டுமரமா, மிதக்குறதுக்கு?"

டீம் மொத்தமும் சிரிச்சுது. நான் 'நன்று' கட்டத்தில் ஒரு டிக் அடிச்சேன். வெயில்ல வந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கணும்னு பாட்டி எழுந்து உள்ளே போனாங்க. ஆறேழு அடி தூரம்தான். திரும்பி வரும்போது நிலைப்படியைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னுட்டாங்க. நெஞ்சுக்குள்ளே இருந்து மெல்லிசா விசில் மாதிரி ஒரு சத்தம். வாசல்ல நின்ன எனக்கே கேட்டுச்சு.

"இது அப்பப்போ வரும், போவும். நீ தண்ணியக் குடி."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதை. 'கடந்த 7 நாட்களில் ஏதேனும் வேலை செய்தீர்களா?'ன்னு இன்னொரு கேள்வி. ஏழு நாளில் ஒரு மணி நேரம் வருமானத்துக்காக உழைச்சிருந்தாலே வேலை செய்தவர்னு எடுத்துக்கிறது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். நாங்க போனது மே மாசம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போற அண்ணன்கள் எல்லாம் 'வேலை இல்லை'. அதே கேள்வியை மார்ச் மாசம் கேட்டிருந்தா கதையே வேற. சரி, அக்காக்கள்? "வேலைக்கெல்லாம் போவலப்பா, ஊட்லதான் கீறேன்"னு சொல்லிட்டே ஒரு அக்கா கருவாட்டை எடை போட்டுட்டு இருந்தாங்க! 'வேலைக்குப் போறது'ன்னா வாசல் தாண்டிப் போறதுன்னு தமிழில் அர்த்தம் ஆகிப்போச்சு. தப்பு அக்கா மேல இல்லை.

சாயங்காலம் காத்து வாங்கிட்டே டிக்குகளை எண்ணினோம். உடல்நலக் கேள்விக்கு நன்று, நன்று, மிக நன்று, நன்று... எங்க டீம்ல ஒருத்தன் மொபைலில் ஜப்பான் கணக்கை எடுத்துட்டு கத்தினான்: "மச்சான், ஜப்பான்காரனைவிட நம்ம எர்ணாவூர் ஹெல்தியா கீதுடா!"

நாங்க உட்கார்ந்திருந்த இடம் என்ன இடம்னு உங்களுக்குத் தெரியணும். 1970-ல் ஓட ஆரம்பிச்ச எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் தான் மூடினாங்க. அதுக்கும் வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிட்டு இருக்கு. அதோட சாம்பல் கொசஸ்தலை ஆத்தில் படிஞ்சு கிடக்கிறதை எண்ணூர் மீனவர்கள் பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் பரவுச்சு. அதே மாசம் 26-ஆம் தேதி நடுராத்திரி, பெரியகுப்பம் பக்கத்தில் அமோனியா கசிஞ்சு, தூக்கத்தில் இருந்த ஜனங்க கண் எரிச்சலோட தெருவில் ஓடினாங்க. அந்த ஊர்தான் ஜப்பானைவிட ஹெல்தி!

எங்கேயோ இடிக்குதே! ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேபில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் முதல்ல 'ஜீரோ எரர் பாரு'ம்பாங்க. நான் அதைப் பார்க்காமலே அளந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல ஜப்பான். உலகத்திலேயே நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் ஒண்ணு, சராசரியா 84 வயசு. ஆனா 'என் உடம்பு நல்லா இருக்கு'ன்னு சொல்ற ஜப்பான்காரர்கள் பாதிக்கும் குறைவு. அமெரிக்கர்கள் ஜப்பான்காரர்களைவிட பல வருஷம் முன்னாடியே போய்ச் சேர்றவங்க. அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் 'நல்லா இருக்கேன்'! காரணத்தில் பாதி, ஃபார்மிலேயே இருக்கு. அமெரிக்காவில் கொடுக்கிற சாய்ஸ் எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். எண்ணிப் பாருங்க, அஞ்சில் மூணு நல்ல பதில். ஐரோப்பாவில் பல நாடுகளில் வெரி குட், குட், ஃபேர், பேட், வெரி பேட். நல்ல பதில் ரெண்டுதான். டிக் அடிக்கிறதுக்கு முன்னாடியே அமெரிக்கா ஒரு கட்டம் முன்னால நிக்குது. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. இந்தக் கணக்கை வெளியிடும்போது, இதை ஜாக்கிரதையா ஒப்பிடுங்கன்னு குறிப்பும் சேர்த்தே போடுது. நம்மாளுங்க குறிப்பை விட்டுட்டு ரேங்கை மட்டும் ஃபார்வேர்டு பண்ணுவோம்.

அடுத்தது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அமர்த்தியா சென் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இந்தியாவிலேயே படிப்பும் ஆயுளும் அதிகம் உள்ள மாநிலம் கேரளா. 'எனக்கு நோய் இருக்கு'ன்னு சர்வேயில் அதிகமாச் சொல்றவங்களும் கேரளாக்காரங்கதான்! ஆயுள் குறைவான பீகாரில்தான் 'நோய் இருக்கு'ன்னு சொல்றவங்க ரொம்பக் குறைவு. அமெரிக்காவை எடுத்தா அங்கே கேரளாவைவிடவும் அதிகம். அப்போ சர்வேயை அப்படியே நம்பினா பீகார்தான் ஆரோக்கிய பூமி, அமெரிக்கா பெரிய ஆஸ்பத்திரி! விஷயம் என்னன்னா, நோயை நோய்னு தெரிஞ்சுக்கவே படிப்பு வேணும், பக்கத்தில் டாக்டர் வேணும், போனா சரியாகும்கிற நம்பிக்கை வேணும். இதெல்லாம் இல்லாத இடத்தில் மூச்சு வாங்குறது 'வயசு', இருமல் 'பனி', முதுகு வலி 'வேலை'. ஃபார்மில் அது நன்று.

பாட்டி பொய் சொல்லலை மக்களே. பாட்டியோட ஸ்கேல் வேற.

சரி, ஸ்கேல் வேறன்னா அதைச் சரிபண்ண வழியே இல்லையா? இருக்கு. கேரி கிங், கிறிஸ்டோபர் முர்ரே முதலான நாலு பேர் 2004-ல் எழுதின கட்டுரை ஒண்ணு கிடைச்சுது. சீனாவிலும் மெக்ஸிகோவிலும் ஒரே கேள்வி: உங்க பிரச்னையை அரசாங்கம் கவனிக்க வைக்க உங்க பேச்சு எவ்வளவு எடுபடும்? மெக்ஸிகோவில் 2000-ஆம் வருஷம்தான் 71 வருஷம் ஆண்ட கட்சியை ஜனங்க ஓட்டுப் போட்டு இறக்கியிருந்தாங்க. சீனாவில் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாத்துறதுங்கிற பேச்சுக்கே இடமில்லை. ஆனா பதில்? 'எங்க பேச்சு சுத்தமா எடுபடாது'ன்னு சொன்னவங்க மெக்ஸிகோவில் பாதிக்கு மேல், சீனாவில் அதைவிட ரொம்பக் குறைவு.

இங்கேதான் அவங்க ஒரு டெக்னிக் பண்ணாங்க. எல்லோருக்கும் ஒரே குட்டிக் கதைகளைச் சொன்னாங்க. அதில் ஒண்ணு: ஒருத்தருக்கு நல்ல குடிதண்ணி கிடைக்கலை. ஓட்டும் கிடையாது, அரசாங்கத்தில் கேட்க ஆளும் இல்லை. என்னைக்காவது ஏதாவது நடக்கும்னு வாயை மூடிட்டுக் கஷ்டப்படுறார். இந்த ஆளோட பேச்சு எவ்வளவு எடுபடும்? இப்போ அந்தக் கற்பனை ஆளுக்கு நீங்க கொடுத்த மார்க்கையும் உங்களுக்கு நீங்களே கொடுத்த மார்க்கையும் பக்கத்தில் வெச்சுப் பார்ப்பாங்க. சீனாவில் சுமார் 40 சதவீதம் பேர், அந்த வாயில்லாப் பூச்சியையும்விடக் கீழே தங்களை வெச்சிருந்தாங்க! மெக்ஸிகோவில் அப்படிப்பட்டவங்க ரொம்பக் கொஞ்சம். கதையை வெச்சுக் கணக்குப் போட்டதும் ரெண்டு நாடும் தலைகீழா மாறிடுச்சு. கதைதான் ஜீரோ எரர் பார்க்கிற கருவி. குடிதண்ணிக் கதையைத் தேர்ந்தெடுத்தாங்க பாருங்க... லாரிக்குக் குடம் வரிசையில் வெச்ச எங்க ஏரியாக்காரங்க யாரும் அதுக்கு விளக்கம் கேட்க மாட்டாங்க.

இந்தக் கதைக் கேள்விகளை உலக சுகாதார நிறுவனம் 2002-04-ல் 70 நாடுகளில் நடத்தின சர்வேயிலும் சேர்த்துக்கிச்சு. இந்தியாவும் உண்டு. ஆனா எந்த இந்தியா தெரியுமா? அஸ்ஸாம், கர்நாடகா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்காளம். அவ்வளவுதான். அந்த 'இந்தியா'வில் ஒரு தமிழ் வாய்கூடப் பேசலை! நம்மைச் சேர்த்து, 45 வயசுக்கு மேல் 72,000 பேரைப் பார்த்தது 2017-18-ல் நடந்த 'லாசி' ஆய்வு. அமெரிக்க ஆய்வு ஒண்ணோட ஒப்பிடுற மாதிரியே அதைக் கட்டமைச்சாங்க. கேட்டதோட விடாம பி.பி. பார்த்தாங்க, கைப்பிடி பலம் பார்த்தாங்க, மூச்சை ஊதச் சொல்லியும் அளந்தாங்க. இந்தச் சமாச்சாரம் எல்லாம் தெரிஞ்சிருந்தா நான் 'மிதம்'னு எழுதியிருப்பேனா?

மூச்சுன்னதும் அந்த விசில் சத்தம் திரும்ப வருது.

நம்ம பாட்டி நெஞ்சில் கேட்டதுக்கு இங்கிலீஷ்ல 'வீஸ்'னு ஒரே வார்த்தை. தமிழில் இழுப்புன்னு சொல்லலாம், இரைப்புன்னு சொல்லலாம். வடசென்னையில் அம்மாக்கள் சர்வசாதாரணமா 'கொயந்தைக்கு வீசிங்'னுதான் சொல்றாங்க. டாக்டர் சொல்லிச் சொல்லி அதுவே தமிழ் ஆயிடுச்சு. இதில் ஒரு சிக்கல் இருக்கு, கவனிங்க. டாக்டர்கிட்ட போனவங்களுக்குத்தான் 'வீசிங்'கிற வார்த்தை தெரியும். போகாதவங்ககிட்ட 'வீசிங் இருக்கா?'ன்னு கேட்டா இல்லைன்னுதான் வரும். 'இழுப்பு இருக்கா?'ன்னு கேட்டா ஏதோ சாகக்கிடக்கிறவங்களைக் கேட்கிற மாதிரி கோபம் வரும்.

உலகமே இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கு. 1990-களில் நியூஸிலாந்தின் ஆக்லாந்தை மையமா வெச்சு 'ஐசாக்'னு பிள்ளைகளுக்கான ஆஸ்துமா ஆய்வு ஒண்ணு நடந்துச்சு. முதல் கட்ட முடிவு 1998-ல் லான்செட் இதழில் வந்தது. 56 நாடுகள், 155 மையங்கள், 13-14 வயசுப் பிள்ளைகள் மட்டும் 4,63,801 பேர். மெட்ராஸும் ஒரு மையம். 'வீஸ்'க்கு நேர் வார்த்தை இல்லாத மொழிகளை என்ன பண்றது? வீடியோ போட்டாங்க! சின்னப் பசங்க மூச்சு வாங்குற காட்சிகள். ஓய்வா இருக்கும்போது, ஓடின பிறகு, தூக்கத்தில் முழிச்சு... 'உன் மூச்சு எப்பவாவது இப்படி இருந்திருக்கா?'ன்னு மட்டும் கேட்டாங்க. வார்த்தையே வேண்டாம்! (நான் ஆறு மணி நேரம் உட்கார்ந்து மொழிபெயர்த்ததை நினைச்சா அழுகையா வருது.)

முடிவில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து எல்லாம் உச்சத்தில். இந்தியா, சீனா, இந்தோனேசியா எல்லாம் அடியில். மையத்துக்கு மையம் வித்தியாசம் 20 மடங்குக்கும் மேல. வீடியோவிலும் வித்தியாசம் பெருசாத்தான் இருந்துச்சு. அதனால எல்லாத்தையும் வார்த்தை மேல பழி போட முடியாது, நிஜமாவே வித்தியாசம் இருக்கு. நியாயம். ஆனா அடுத்த கட்ட ஆய்வில் இன்னொண்ணு தெரிஞ்சுது. வீசிங் இருக்குன்னு சொன்ன பிள்ளைகளுக்குள்ளே, நோய் கடுமையா இருக்கிற விகிதம் வசதி குறைந்த நாடுகளில்தான் அதிகம். சொல்றவங்க கம்மி, சொல்றவங்களுக்கு முத்திப்போயிருக்கு. இந்திய நம்பரையே பாருங்க. உலக ஆஸ்துமாவில் நம்ம பங்கு சுமார் 13 சதவீதம்தான். ஆஸ்துமா சாவுகளில் 40 சதவீதத்துக்கும் மேல!

படிச்சு முடிச்சதும் எனக்கு அந்த 'நன்று' டிக் மேலேயே கண்ணு. அடுத்த சனிக்கிழமை தனியாவே எர்ணாவூர் போனேன். ஒரு குட்டிக் கதை எழுதிட்டுப் போனேன். இந்தத் தடவை செந்தமிழ் கிடையாது.

"பாட்டி, லட்சுமின்னு ஒரு அம்மா. மாடி ஏறினா நடுவுல ஒரு தபா நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் மேல போவாங்க. ராத்திரியில இருமல் வந்து எழுந்து உட்காருவாங்க. அவங்க உடம்பு எப்படி இருக்குன்னு சொல்வீங்க?"

பாட்டி கருவாட்டைத் திருப்பிப் போட்டுட்டே யோசிச்சாங்க.

"அவளுக்கு இன்னா, நல்லாத்தான் கீறா. ஒரு தபாதானே நிக்கிறா?"

பக்கத்து வீட்டில் நர்ஸிங் படிக்கிற தங்கச்சி துணி காயப்போட்டுட்டு இருந்துச்சு. அதே கதையை அதுகிட்டயும் சொன்னேன். "மோசம்ணா. வீசிங்கா இருக்கும். உடனே ஸ்டான்லிக்கு இட்டுனு போகச் சொல்லுங்க."

ஒரே வராண்டா. நடுவில் ஒரு சுவர். கேரளாவும் பீகாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்.

"நீங்க எத்தனை தபா நிப்பீங்க பாட்டி?"

"மூணு... வெயில்னா நாலு. ஏன் கேக்குற?"

இந்தக் கதை டெக்னிக்கும் முழுசா சரின்னு சொல்ல மாட்டேன். அடுத்தவங்களுக்கு ஒரு ஸ்கேல், தனக்கு ஒரு ஸ்கேல்னு வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் உண்டு. எங்க அப்பாவே அந்த கேஸ்தான். எனக்கு ஜுரம்னா ஆட்டோ, அவருக்கு ஜுரம்னா மிளகு ரசம். அவர்கிட்ட லட்சுமியம்மா கதை எடுபடாது.

பாட்டியோட ஃபார்மில் 'நன்று' டிக்கை நான் அழிக்கலை. அவங்க சொன்னது அதுதானே. பக்கத்தில் பென்சிலால் 'லட்சுமியம்மா: நன்று. மாடிப்படி: மூணு தபா' என்று எழுதி வெச்சிருக்கேன். மெடிக்கல் காலேஜ் படிக்கிற சீனியர் அக்கா ஒருத்தங்க வர்ற வாரம் பீக் ஃப்ளோ மீட்டரோட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒரே மூச்சில் ஊதினா முள்ளு நகர்ந்து நம்பர் காட்டுற சின்னக் குழாய். பாட்டிகிட்ட சொல்லிட்டேன், சனிக்கிழமை வீட்டில் இருங்க, ஊதணும்னு.

"ஊதுனா இன்னா குடுப்பே?"ன்னு கேட்கிறாங்க.